முட்டிக்கு முத்திரை

கரண்டியை இன்றைக்கு ஒப்படைத்தே தீருவது என்று, கண்விழித்ததும் படுக்கையிலேயே அளவுக்காரர் சபதம் எடுத்தார். நேற்றும் இதே சபதம்தான். முந்தாநாளும் இதேதான். சபதம் எடுப்பதில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எடுத்த சபதம் காலைச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடிப்பதில்லை, அதுதான் சங்கடம்.

அளவுக்காரர் என்பது கடைத்தெரு அவருக்குச் சூட்டிய பெயர். முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைத் தட்டிப் பார்ப்பது, எடைக்கல்லைப் புரட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லையென்றால் வழக்குப் போடுவது, இதுதான் உத்தியோகம். தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டினவர், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்தவர், துணி அளக்கும்போது மீட்டர் கோலை முழங்கையால் தள்ளினவர் என்று அவரிடம் மாட்டாத ஆளே கிடையாது. அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், தராசின் மேலிருந்த விரல்கள் தாமாக எழுந்து மரியாதை செய்யும்.

அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வீட்டில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே எதையாவது எடுத்து அளந்தாலும் மனைவி திட்டினாள். பொழுதைப் போக்க வழி தெரியாமல், பக்கத்து வீட்டுத் தபால்காரரின் முன்னறையில் தினமும் காலையில் கூடும் சீட்டுக் கச்சேரியில் போய் உட்கார்ந்துகொண்டார். தபால்காரரும் ஓய்வு பெற்றவர்தான். காசு வைத்து ஆடுகிற வழக்கம் அங்கே இல்லை. தோற்றவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அளவுக்காரருக்கு டீ போடத் தெரியாது. ஆகையால் தோற்காமல் ஆடக் கற்றுக்கொண்டார்.

இந்தச் சுகவாழ்வுக்கு ஒரு முட்டியால் ஆபத்து வந்தது. அவருடைய முட்டி இல்லை, மனைவியின் முட்டி.

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் நடப்பதே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துத்தான். முதலில் மேஜை, அப்புறம் கதவு நிலை, அப்புறம் அலமாரி, கடைசியில் அடுப்பு மேடை. உட்கார்ந்தால் எழுவது கஷ்டம், எழுந்தால் நிற்பது கஷ்டம். டாக்டர் முட்டியை மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் படுத்துட்டா உங்களுக்கு யாருங்க பண்ணிப் போடுவா? வெந்நீர் வெக்கச் சொன்னா பாத்திரத்தைக் கருக்கி வெக்கிற ஆளு நீங்க."

"ஒரு தடவைதானே கருக்கினேன்!"

"ஒரு தடவைதானே வெச்சீங்க!"

அந்தக் கணக்கில் அவரால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருநாள் சீட்டு முடிந்து வீட்டுக்கு வந்தால், மனைவி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையிலிருந்து உருண்டு விழுந்த பொத்தானை எடுக்கக் குனிந்திருக்கிறாள். குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிடித்து எழ எதுவும் கைக்கு எட்டவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டார். "நீங்க எத்தனை ஆட்டம் ஜெயிச்சீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் மட்டும் ஈரமாக இருந்தது. பொத்தான் அவருடைய சட்டைப் பொத்தான். அன்றைக்கு ஜெயித்த ஆட்டமெல்லாம் அளவுக்காரருக்குக் கசந்து போயிற்று.

அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நீ குணமாகிற வரைக்கும் சமையல் என் பொறுப்பு. கரண்டி என் கையில. இது என் வாக்கு."

"குணமாகிற வரைக்கும்னா எதுவரைக்கும்? குணமாயிட்டேன்னு யாரு சொல்றது? நீங்களா, நானா?"

"நீயும் வேணாம், நானும் வேணாம். அளவு சொல்லும்."

அவள் அவரை ஒரு நிமிஷம் மேலும் கீழுமாகப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் 'சரி' எப்படிப்பட்ட சரி என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முதலில் வலது முட்டியை மாற்றினார்கள். இடதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அவர் வெளியே வந்து சொன்னார். உத்தியோக காலம் முழுக்க ஒரு கடையில் ஒரு குவளைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர், யாருக்கும் எதுவும் கொடுத்தும் பழக்கமில்லாதவர், டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். மறுநாள் தன்னுடைய பித்தளை எடைக்கல் வரிசையைத் துடைத்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று மனைவி கேட்டதற்கு, "என்கிட்ட அதைவிட நல்லது வேற என்ன இருக்கு?" என்றார். அவள் அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். பிசியோதெரபி படித்தவள். அளவுக்காரர் அவளைப் பிசியோப் பொண்ணு என்றே கூப்பிட்டார். முதல் நாளே அவள் பையிலிருந்து ஒரு கோணமானியை எடுத்து, மனைவியின் கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தாள். அளவுக்காரருக்குக் கண் விரிந்தது. அடுத்து மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்காரச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தாள். அளவுக்காரர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். இப்படியும் ஒரு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இதுல என்ன தெரியும்மா?"

"எழுந்திரிக்கிற தெம்பு, நடக்கிற வேகம், திரும்பறப்ப நிதானம், எல்லாம் ஒண்ணா தெரியும் சார். அம்மா வயசுக்குப் பத்து வினாடிக்குள்ள வந்துட்டாங்கன்னா பிரமாதம். வீட்டு வேலையெல்லாம் தாராளமாப் பாக்கலாம்."

"பத்து வினாடி!" என்றார் அளவுக்காரர், சட்டமே கிடைத்துவிட்ட மாதிரி.

"ஆனா நம்பரை மட்டும் பாக்காதீங்க சார். வலி எப்படி இருக்கு, தூக்கம் வருதா, அதெல்லாம் கேளுங்க. முக்கியமா நடையைப் பாருங்க."

'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"இனிமே தினமும் நானே அளந்துக்கறேம்மா. எங்கிட்ட ஸ்டாப் வாட்ச் இருக்கு, ஆபீஸ்ல பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்தது. அது இருக்கறப்ப உன் கடிகாரம் எதுக்கு?"

பிசியோப் பொண்ணு மனைவியைப் பார்த்தாள். மனைவி பிசியோப் பொண்ணைப் பார்த்தாள். இரண்டு பேரும் அப்புறம் சுவரைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே அளவுக்காரர் இரும்பு நாடாவால் கூடத்தை அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். தரை சரிவாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நாற்காலி நகராமல் இருக்க நாலு காலுக்கும் அடையாளம் வைத்தார். மனைவி சமையலறை வாசலில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து அவரை ஆட்டி வைக்கும் வேலை ஆரம்பமாயிற்று.

"உப்பு எவ்வளவு போடணும்?"

"திட்டமாப் போடுங்க."

"திட்டம்னா எத்தனை கிராம்?"

"திட்டம்னா திட்டம்தான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அதைத்தான் நானும் கேக்கறேன். எத்தனை கிராம்?"

"கையளவு போடுங்க."

"யார் கை?"

முதல் வாரத்தில் சூப்பு கடல் தண்ணீராக இருந்தது. உருளைக்கிழங்கு வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. வெங்காயம் உரித்துவிட்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து, வீட்டில் ஏதோ அசம்பாவிதம் என்று தபால்காரர் சுவரேறி எட்டிப் பார்த்தார். பால் தினமும் பொங்கி வழிந்தது. அடுப்பில் வைத்துவிட்டு ஒரு எட்டு போய்ச் செய்தி கேட்டுவிட்டு வருவார், வந்தால் பால் மேடையில் இருக்கும், பாத்திரம் காலியாக இருக்கும். "பாலை வெச்சா பக்கத்துலயே நில்லுங்க" என்று மனைவி ஒவ்வொரு முறையும் சொன்னாள். திட்டவில்லை. அதுவே அவருக்குத் திட்டினதைவிட உறைத்தது.

ஆனால் வேலை தெரிந்த மனிதர் எந்த வேலையையும் விடாப்பிடியாகக் கற்றுக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக உப்பு பிடிபட்டது. வெங்காயத்தை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. சமைக்கும்போது அடுப்பு மேடை முன்னால் நின்று நின்று கெண்டைக்கால் வலித்தபோது, இவ்வளவு வருஷம் தேய்ந்த முட்டியோடு இவள் இங்கே எப்படி நின்றாள் என்று அவருக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக அன்றைக்குச் சூப்பில் இன்னொரு முட்டை உடைத்து ஊற்றினார். பால் மட்டும் அவருடைய தனிப்பட்ட எதிரியாக ஆகிவிட்டது. பாலை அடுப்பில் ஏற்றிவிட்டால், அப்புறம் வீடே தீப்பிடித்தாலும் அவர் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

இதற்கு நடுவே தினமும் காலையில் பரீட்சை. அவள் நாற்காலியில் உட்காருவாள், அவர் ஸ்டாப் வாட்ச்சோடு கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். முதலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கைத்தடியோடு, அப்புறம் வெறுங்கையோடு, நேரம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வினாடி குறையும்போதும் அளவுக்காரர் மனசுக்குள் ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டார். பதினைந்துக்கு வந்தது. பன்னிரண்டுக்கு வந்தது. பதினொன்றுக்கு வந்தது. வந்து, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

இன்றைக்குக் காலையிலும் அதே கதைதான்.

"ரெடியா?"

"நான் ரெடி. உங்க அடுப்பு ரெடியா? அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு. பேச்சை மாத்தாத. ஒண்ணு, ரெண்டு, மூணு, எழுந்திரு!"

அவர் பார்வை ஸ்டாப் வாட்ச்சை விட்டு அகலவில்லை. செருப்புச் சத்தம் போயிற்று, திரும்பிற்று, வந்தது. நாற்காலி முனகிற்று. விரல் அழுத்திற்று.

"எவ்வளவுங்க?"

"பதினொண்ணு."

"அடடா" என்றாள் மனைவி, வருத்தமாக. "ஒரே ஒரு வினாடியில போச்சே!"

எதிர்க்காற்று இருக்குமோ என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார். பதினொன்று. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பதினொன்று. ஸ்டாப் வாட்ச்சில் கோளாறோ என்று ரேடியோ மணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடிகாரம் யோக்கியமாகத்தான் இருந்தது. கரண்டியை மாட்டிவிட்டுப் போக முடியாமல், வாக்கை மீறவும் முடியாமல், அவர் மறுபடியும் வெங்காயக் கூடையைத் தேடிப் போனார்.

தபால்காரர் போன வாரமே எச்சரிக்கை கொடுத்திருந்தார். நாலு பேர் ஆடுகிற ஆட்டத்தில் மூன்று பேர் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? சீக்கிரம் வராவிட்டால் தெருமுனை முடிதிருத்துகிறவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். அளவுக்காரருக்கு அந்த நினைப்பே பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே காற்றோட்டமான நாற்காலி அது.

குப்பை கொட்டப் பின்பக்கம் போனபோது, தபால்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே வினாடிதான். எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் அளவுக்காரர்.

"சீட்டா? அதுக்கென்ன அவசரம், மெதுவா வாங்க." தபால்காரர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து நீங்க காய்கறி வாங்கப் போனப்ப மழை வந்துச்சில்ல? நாங்க யாரும் வீட்ல இல்ல. கொடியில கிடந்த எங்க துணியையும் உங்க வீட்டம்மாதான் எடுத்து வெச்சிருந்தாங்க. ராத்திரி நீங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப கொண்டு வந்து கொடுத்தாங்க. நல்லா இருக்கணும் அவங்க."

"அவளா? அவ எப்படி?"

"எப்படின்னா? எதிர் வீட்ல பாத்துட்டுச் சொன்னாங்க. மழை வலுக்கறதுக்குள்ள அவ்வளவு துணியையும் சுருட்டிட்டாங்களாம். என்னா வேகம்னு அதிசயப்பட்டாங்க."

குப்பைக் கூடை அளவுக்காரர் கையில் அப்படியே நின்றது. அவருக்குள் உறங்கிக்கொண்டிருந்த முத்திரை ஆய்வாளர் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார். ஒரே அளவில் அசையாமல் நிற்கிற தராசை நம்பக் கூடாது என்று எத்தனை புது ஆய்வாளர்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்! உண்மையான தராசு முன்னே பின்னே ஆடும். ஆடாமல் நிற்கிறதென்றால் அடியில் ஒரு விரல் இருக்கிறது. சொந்த வீட்டில், சொந்தக் கூடத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்த தரையில், அவர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாள்!

இதற்கு ஒரே மருந்து திடீர் சோதனை. கடைக்காரரிடம் போய் 'ஏமாத்தறியா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். வாடிக்கையாளர் வரும் நேரத்தில் மறைந்து நின்று, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். வாடிக்கையாளர் வேஷத்துக்கு யாரைப் போடுவது என்று யோசித்தார். பாலைப் போட்டார்.

திட்டம் எளிமையானது. பாலை அடுப்பில் ஏற்றுவது. மறந்துபோன மாதிரி வெளியே கிளம்புவது. பின்பக்கம் சுற்றி வந்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்பது. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுப்பும் தெரியும், கூடத்தில் அவள் உட்காரும் நாற்காலியும் தெரியும். பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் அவள் எழுந்துதான் ஆக வேண்டும். கூடத்து நாற்காலியிலிருந்து அடுப்புவரைக்கும் மூன்று மீட்டருக்கு மேலேயே இருக்கும். வீடு முழுக்க அளந்தவருக்கு அது தெரியாதா?

"தீப்பெட்டி வாங்க மறந்துட்டேன். முனைக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"சரிங்க" என்றாள் மனைவி. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அளவுக்காரர் வாசல் வழியாகப் போய், சந்தில் நுழைந்து, குப்பைக் கூடையைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே ஸ்டாப் வாட்ச்சோடு குனிந்து நின்றார். பாலில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. இன்னும் கொஞ்ச நேரம்தான். கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. பதறி எழுந்து ஓடினால்? தரை வழுக்கினால்? புது முட்டி. டாக்டர் எவ்வளவு பொறுமையாகப் பொருத்தின முட்டி. ஒரு சீட்டாட்ட நாற்காலிக்காக அதைப் பணயம் வைக்கிறோமே! வேண்டாம் என்று கத்திவிட வாயைத் திறந்தார். பால் புஸ்ஸென்று மேலே எழும்பியது.

அவள் எழுந்தாள்.

நாற்காலியின் கையைப் பிடிக்கவில்லை. மேஜையைப் பிடிக்கவில்லை. ஒரு கையில் பட்டாணித் தட்டு இருந்தது, இன்னொரு கையில் உரித்த தோல் இருந்தது. பிடிப்பதற்குக் கையே இல்லாமல் எழுந்தாள். நேராக நிமிர்ந்து நடந்தாள். கதவு நிலை சும்மா நின்றது. அலமாரி சும்மா நின்றது. வலது கால் குதிகாலை ஊன்றி, மடங்கி, நீண்டு, மறுபடி ஊன்றியது. இடது கால்தான் பின்னாலேயே லேசாக இழுத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்ததை மேடைமேல் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பால் பாத்திரத்தின் விளிம்புவரைக்கும் வந்து, யோசித்து, திரும்பிக் கீழே போயிற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்துப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவர் வைத்த சூப்பை ஒரு வாய் ருசி பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

அளவுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் நடப்பாள். அது மறந்தே போயிருந்தது. எப்போது மறந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வலி எந்த வருஷம் வந்து இந்த நடையைத் திருடிக்கொண்டு போனது என்று கவனிக்காத ஒரு மனிதருக்கு, இதோ, திருட்டுப் போன பொருள் திரும்ப வந்திருக்கிறது. டாக்டருக்கும், அந்தப் பிசியோப் பொண்ணுக்கும், முட்டிக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடித்த முகம் தெரியாத மகராசனுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகுதான், தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது.

முன்வாசல் வழியாகப் பாய்ந்து உள்ளே வந்தார்.

"பிடிச்சேன்! கையும் களவுமாப் பிடிச்சேன்!"

"தீப்பெட்டி எங்கங்க?"

"தீப்பெட்டியாவது ஒண்ணாவது! பாத்துட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டேன். எப்படி நடந்த தெரியுமா நீ? பத்தாவது பதினொண்ணாவது! எட்டுகூட ஆகாது!"

"அப்படியா? கடிகாரம் எவ்வளவு காட்டுது?"

அளவுக்காரர் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. பொத்தானை அழுத்தவே இல்லை.

"அளவு இல்லாம வழக்கு இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் மனைவி, பட்டாணியை உரித்துக்கொண்டே.

அவர் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபப்படலாம் என்று முயற்சி செய்து பார்த்தார். கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, கூடவே மறுபடி கண்ணில் தண்ணீரும் வந்தது.

"சரி, வழக்கு வேணாம். அது எப்படி தினமும் டாண்ணு பதினொண்ணு? அதை மட்டும் சொல்லு."

"கோட்டுக்கிட்டத் திரும்பறப்ப நீங்க மூச்சை அடக்கிக்கிட்டு, மீசை துடிக்க, கடிகாரத்தையே முறைச்சுப் பாத்துட்டு நிப்பீங்க. அதைப் பாத்து வர்ற சிரிப்பை அடக்கணும். அடக்கிட்டு நடந்தா சரியாப் பதினொண்ணு."

"பிசியோப் பொண்ணு அளந்தா?"

"அவ அளந்து ஒம்பதுன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. நீங்க கேக்கவே இல்லையே? உங்க கடிகாரம் இருக்கறப்ப அவ கடிகாரம் எதுக்குன்னுட்டீங்க."

"அது போகட்டும். இன்னைக்கு மாட்டிக்கிட்டியா இல்லியா? பாலை வெச்சு உன்னை மடக்கினேனா இல்லியா?"

மனைவி தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பாலை வெச்சுட்டுத் தீப்பெட்டி வாங்கப் போற ஆளாங்க நீங்க? முதல் வாரம்னா நம்பியிருப்பேன். இப்ப பால் அடுப்புல இருந்தா இடி விழுந்தாலும் நகர மாட்டீங்க. நீங்க வாசப்படி தாண்டினப்பவே தெரிஞ்சுபோச்சு, எங்கயோ நின்னு பாக்கப் போறீங்கன்னு. ஜன்னல்ல வழுக்கை வேற பளபளன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா எழுந்து நடந்த?"

"ஒரு தடவையாவது நீங்க பாக்கணும்னுதான். இத்தனை நாளா என் காலை எங்க பாத்தீங்க? கடிகாரத்தைத்தானே பாத்தீங்க?"

அளவுக்காரர் கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார். இவ்வளவு நாளும் சொல்ல வெட்கப்பட்டதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்தது.

"நல்லா நடக்கற. ரொம்ப நல்லா நடக்கற. அந்த அடுப்படியில நான் ரெண்டு நல்ல காலை வெச்சுக்கிட்டு நின்னே ஒடிஞ்சு போறேன், நீ அந்த முட்டியோட எப்படித்தான் நின்னியோ. எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, நான் சீட்டாடிக்கிட்டு இருந்தேன். இனிமே ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ, நீ எத்தனை மாசம் சொன்னாலும் சரி, கரண்டி என்கிட்டயே இருக்கட்டும். நீ நடந்தாப் போதும்."

"வாக்கா?"

"வாக்கு."

"முத்திரை?"

"குத்தியாச்சு."

அவள் கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதில் கபடம் ஒன்றும் இல்லை.

"நல்லவங்க நீங்க. உங்களை மாதிரி வாக்கைக் காப்பாத்தற மனுஷர் கிடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும். உண்மையச் சொல்றேன், நானும் இத்தனை நாளா அளந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எதை?"

"உங்களை. உப்பு பிடிபட்டுச்சா, வெங்காயம் உரிக்கறப்ப அழுகை நின்னுச்சா, சலிச்சுக்காம எவ்வளவு நேரம் அடுப்படில நிக்கறீங்க, எல்லாம் பாத்தேன். பால்தான் கடைசிப் பரீட்சை. இன்னைக்கு நீங்க பாலை விட்டுட்டுப் போனது எனக்கு அவ்வளவு வித்தியாசமாத் தெரிஞ்சுது பாருங்க, அப்பவே நிச்சயமாயிடுச்சு. இனிமே இந்த மனுஷரை நம்பிப் படுக்கலாம்னு."

"அப்ப நான் பாஸா?" என்றார் அளவுக்காரர், பூரித்துப்போய்.

"பாஸ். சூப்புகூட இன்னைக்குத் திட்டமா இருக்கு. அதனாலதான் தேதியை மாத்தலைங்க. திங்கக்கிழமைன்னே இருக்கட்டும்."

"எந்தத் தேதி?"

"இடது முட்டிக்கு. போன வாரமே டாக்டர்கிட்ட பேசித் தேதி வாங்கிட்டேன். எனக்கு ரெண்டு கால் இருக்கே, மறந்துட்டீங்களா?"

அளவுக்காரர், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்த அந்த இடது காலை நினைத்துக்கொண்டார். அதுவும் நேராகிவிட்டால் அந்த நடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கணக்குப் போட்டால் இன்னும் பல மாசத்து வெங்காயம் கண்முன்னால் மலையாகக் குவிந்து நின்றது. போகட்டும் என்று தோன்றியது. எழுந்து போய்ப் பாலை ஆற்றி அவளுக்கு ஒரு குவளை கொடுத்தார். அப்புறம், தியாகம் செய்த மனிதருக்கு உரிய கம்பீரத்தோடு பின்பக்கச் சுவருக்குப் போனார்.

"தபால்காரரே! மனசைத் தேத்திக்கங்க. இன்னும் சில மாசத்துக்கு நான் சீட்டாட வர முடியாது."

"தெரியுமே!" என்றார் தபால்காரர், செடியிலிருந்து தலையைத் தூக்காமலே. "நேத்து ராத்திரி துணி கொடுக்க வந்தப்பவே அம்மா சொல்லிட்டாங்க. முடிதிருத்தறவர் உங்க நாற்காலியில உக்காந்தாச்சு. உங்களைவிட நல்லாவே ஆடறார்."